வில்லங்கம் பார்த்து ஒரு வின்செஸ்டர்

பழைய இரும்பு – 14

"ஏனுங் மச்சான், எங்க அப்பாரோட துப்பாக்கி ஒண்ணு கெடக்குது. நீங்க எடுத்துக்கறீங்களா?"

சரவணம்பட்டி சிக்னலைத் தாண்டி, சத்தி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிக் கேட்ட போன் அது. போன வாரம் லிஸ்டர் இன்ஜினைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், பழைய இரும்பு எதுவானாலும் இவன் தலையில் கட்டலாம் என்று ஒறம்பரைக்குள் பேச்சாகிவிட்டது போல. மச்சானுக்கு அன்னூர்ப் பக்கம் தோட்டம். அவருடைய அப்பாரு அந்தக் காலத்தில் திம்பத்துக்கு மேலே ஷிகார் போனவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் பக்கம் அப்பாரு என்றால் அப்பாவைப் பெற்றவர்.

"என்ன துப்பாக்கிங்க?"

"பேரெல்லாம் தெரியாதுங். விசைக்குக் கீழ ஒரு வளையம் இருக்குது. அதைத் தள்ளி இழுத்தா தோட்டா மாறும். சினிமால குதிரைக்காரன் வெச்சிருப்பானே, அது."

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கர்ணன் எடுத்த ஜெய்சங்கரின் கௌபாய் படங்கள். 1972-ல் 'கங்கா', 1975-ல் 'எங்க பாட்டன் சொத்து'. இதுவும் பாட்டன் சொத்துதான் என்று சிரித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

குதிரைக்காரர்களின் துப்பாக்கியில் தோட்டாக்கள் பேரலுக்கு அடியில் ஒரு குழலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்னால் இருப்பதன் பின்புறத்தில் பின்னால் இருப்பதன் மூக்கு இடிக்கும் என்பதால், கூர் மூக்குத் தோட்டாவை அதில் போடுவது ஆபத்து. படத்தில் இருந்ததற்கு அந்தக் குழல் இல்லை. விசைக்கு முன்னால் ஒரு பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1895 மாடல் அது. மொத்தம் சுமார் 4.25 லட்சம் செய்தார்கள். அதில் 2.93 லட்சத்துக்கு மேல் முதல் உலகப் போரில் ரஷ்ய ராணுவத்துக்கே போய்விட்டது. மிச்சத்தில் ஒன்று கப்பலேறி வந்து, கொங்கு நாட்டில் கட்டிலுக்கடியில் கிடந்திருக்கிறது.

பேரலில் பொறித்திருந்த எண்ணைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். .405.

இந்த எண்ணுக்கு இரண்டு பேர் பெயர் வாங்கித் தந்தார்கள். ஒருவர், அமெரிக்க ஜனாதிபதி பதவியை முடித்துவிட்டு 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குக் கிளம்பிய தியோடர் ரூஸ்வெல்ட். சிங்கத்துக்கு இதுதான் மருந்து என்கிற பாணியில் எழுதிவைத்தார். இன்னொருவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு கிடைத்தபோதெல்லாம் காட்டுக்குள் போன கென்னத் ஆண்டர்சன். 1910-ல் பிறந்து 1974-ல் மறைந்தவர். சீகூர், தளவாடி, தர்மபுரிக் காடுகள் என்று நம் சுற்றுவட்டாரத்தையே எழுதியவர். மரத்தில் கட்டிய மச்சான் மீது (உறவுமுறை மச்சான் அல்ல, பரண்) ராத்திரியெல்லாம் காத்துக்கிடந்த அவர் மடியில் இருந்தது இதே .405 வின்செஸ்டர்தான். கல்லூரி விடுதியில் போர்வைக்குள் டார்ச் அடித்து அவரைப் படித்தவன் நான். வாங்கிவிடுவது என்று அந்த நிமிடமே மனசு முடிவு செய்துவிட்டது. புத்தி பின்னால் மெதுவாக வந்தது.

அது வந்து சேர்வதற்குள் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் படத்தைப் பார்த்துவிட்டார். இந்த ஊரில் எந்த இரும்பைக் காட்டினாலும் நாலு பேர் அதை எப்படி மாற்றலாம் என்றுதான் யோசிப்பார்கள். வெள்ளைக்கார அதிகாரியிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப்போட்ட ஜி.டி.நாயுடு தொடங்கிவைத்த வியாதி இது. நண்பர் வரிசையாக அடுக்கினார். பேரல் நீளம், நாலு அங்குலம் குறைத்தால் கைக்கு அடக்கமாக இருக்கும். உச்சியில் ரெண்டு ஓட்டை போட்டு மரை வெட்டி டெலஸ்கோப் மாட்டலாம். உதைக்கும் என்கிறார்களே, கட்டையின் முனையை அறுத்துவிட்டு ரப்பர் வைக்கலாம். எல்லாவற்றையும் பாலிஷ் போட்டு நீலம் ஏற்றினால் புதுசு மாதிரி. தோட்டா கிடைக்காதா? பேரலையே மாற்றி .315 ஆக்கிவிட்டால் போச்சு.

கடைசி யோசனை கேட்கக் கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. நம் நாட்டில் லைசன்ஸ்காரர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிற ரைபிள் தோட்டா .315. ராணுவம் வைத்திருந்த .303-ஐ சாதாரண மக்களுக்குத் தர மாட்டார்கள் என்பதால், அதே லீ என்ஃபீல்ட் உடம்பில் வேறு அளவுப் பேரலை வைத்து அரசுத் தொழிற்சாலை செய்த ரகம் அது. 1895 மாடலோ .303-க்கும் ரஷ்யத் தோட்டாவுக்கும் கூட ஏற்கெனவே செய்யப்பட்டதுதான். இரும்புக்கு ஆட்சேபணை இருக்காது.

ஆட்சேபணை காகிதத்தில் இருந்தது. 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, துப்பாக்கியை மாற்றியமைக்க மட்டுமல்ல, ரிப்பேர் பார்க்கவே தனி லைசன்ஸ் கேட்கிறது. பேரலைக் குறைப்பதற்கு 6-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. 2019-ல் செய்த திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக்குவதையும் அதே பிரிவுக்குள் இழுத்துப் போட்டது. வாங்குபவரின் லைசன்ஸில் துப்பாக்கியின் நம்பரும் அளவும் எழுதியிருக்கும். பட்டறையில் பேரலை மாற்றிய மறுநிமிடம் கையில் இருப்பது லைசன்ஸில் இல்லாத ஆயுதம். நண்பரிடம் இதைச் சொன்னபோது, "ஒரு போல்ட்டு டைட் பண்றதுக்குமாங்க?" என்றார். அதற்கும்தான்.

டெலஸ்கோப் விஷயத்தில் சட்டம் வரை போகவே வேண்டியதில்லை. இந்த மாடலில் வெடித்த தோட்டாவின் கூடு மேல்பக்கமாகத் தெறித்து வெளியே வரும். உச்சியில் குழாயைக் கட்டினால் கூடு அதில்தான் போய் முட்டும். பக்கவாட்டில் ஓட்டை போடலாம் என்றால், நூறு வருஷ இரும்பில் போட்ட ஓட்டையை எந்தக் கொம்பனாலும் அடைக்க முடியாது. நீலம் ஏற்றுவதும் அப்படித்தான். பாலிஷ் சக்கரம் பட்டால் எழுத்தின் விளிம்பு தேயும், மூலைகள் உருளும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது வேறு, கோயில் சிலையைத் தேய்ப்பது வேறு. பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஒருவர், பேரல் சட்டம் சொல்லும் நீளத்துக்குக் கீழே போகாதவரை, தன் வீட்டு ஷெட்டில் வைத்து அறுத்துக்கொள்ளலாம், அங்கே அது ரசனைத் தகராறு. இங்கே கோர்ட்டு வரை போகும்.

ஆக, கை வைக்கப் போவதில்லை. வாங்கலாமா என்பது மட்டும் மிச்சம்.

எங்கள் ஊரில் பூமி வாங்குகிறவன் முதலில் மண்ணைப் பார்க்க மாட்டான், வில்லங்கச் சான்றைத்தான் பார்ப்பான். துப்பாக்கிக்கும் அதுவே முறை என்று மச்சானிடம் கேட்டேன்: "லைசன்ஸ் யார் பேர்ல இருக்குதுங்க?"

அப்பாரு பேரிலிருந்து அப்பா பேருக்கு மாறியிருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார். மச்சான் தன் பேருக்கு லைசன்ஸ் எடுக்கவில்லை. நல்ல வேளையாக, காரியம் முடிந்த கையோடு யாரோ சொன்னபேச்சைக் கேட்டு, டவுனில் ஒரு துப்பாக்கிக் கடையில் பாதுகாப்புக்கு ஒப்படைத்து ரசீது வாங்கி வைத்திருக்கிறார். கட்டிலுக்கடியிலேயே போட்டு வைத்திருந்தால் விலை பேசுகிற பேச்சே இல்லை, வக்கீலைத்தான் பார்த்திருக்க வேண்டும். லைசன்ஸ்தாரர் இறந்தால் ஆயுதத்தைத் தாமதமின்றி ஸ்டேஷனிலோ லைசன்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்பது 21-வது பிரிவு. ஒப்படைத்ததை வாரிசு தன் பேரில் லைசன்ஸ் வாங்கி மீட்டுக்கொள்ளலாம், அல்லது வைத்துக்கொள்ளத் தகுதி உள்ள ஒருவருக்கு விற்கலாம். கெடு தாண்டினால் அரசுக்குப் போய்விடும். மச்சானுக்கு அந்தக் கெடு நெருங்குகிறது. அதனால்தான் அந்தப் போன்.

லைசன்ஸ்தாரர் ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாக விற்பதானாலும், முன்கூட்டியே எழுத்தில் தகவல் கொடுத்து 45 நாள் காத்திருக்க வேண்டும். கிராமம் என்றால் கலெக்டர், சரவணம்பட்டி மாநகரத்துக்குள் வந்துவிட்டதால் என் விஷயத்தில் போலீஸ் கமிஷனர். ஸ்கூட்டர் மாற்றுகிற மாதிரி ஆர்.சி. புத்தகத்தில் கையெழுத்துப் போட்டு முடிகிற காரியம் இல்லை.

என்னிடம் அப்பா விட்டுப்போன 12 போர் டபுள் பேரல் லைசன்ஸோடு இருக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைப்பதும், முடிந்தால் எடுத்து வருவதும்தான் அதற்கு இப்போதைக்கு வேலை. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். 2019 திருத்தம் அதை இரண்டாக்கிவிட்டது, பரம்பரைச் சொத்தென்றாலும் அதே கணக்கு. எனக்கு ஒரு இடம் காலி. அதில் இதைப் போட்டு அடைத்துவிடலாமா?

எதற்கு என்று லைசன்ஸ் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. வேட்டைக்கு என்று எழுதுவதற்கு 1972-லேயே கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். வனவிலங்குச் சட்டம் வந்த பிறகும் சில வகை மிருகங்களுக்கு வேட்டை லைசன்ஸ் என்று ஒரு சந்து திறந்திருந்தது, 1991 திருத்தம் அதையும் அடைத்தது. ஆண்டர்சன் சுற்றிய சத்தியமங்கலம் காடு 2013-லிருந்து புலிகள் காப்பகம். சரணாலயத்துக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசன்ஸ்தாரர்கள் வனத்துறையிலும் பதிந்துகொள்ள வேண்டும் என்று அதே சட்டத்தில் இருக்கிறது.

மச்சானுக்கு வேறு நினைப்பு. "மக்காச்சோளத்துல பன்னி எறங்குதுங் மச்சான். ரெண்டு வெடி போட்டாப் போதும்." அவர் ஆத்திரம் நியாயமானது, ஒரே ராத்திரியில் அரை ஏக்கரை உழுது போட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் 2025-ல் தமிழக அரசு அனுமதித்தது, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடுவதற்கு. தோட்டக்காரர் சுடுவதற்கு அல்ல. பயிர்க் காவலுக்கென்று ஆயுதச் சட்டம் நினைத்துப் பார்த்ததும் வாய்வழி மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியைத்தான். நொடிக்கு 670 மீட்டர் வேகத்தில் 19 கிராம் ஈயத்தைத் துப்புகிற ரைபிளை அல்ல. தப்பிய தோட்டா சோளக்காட்டோடு நிற்காது. என் சின்ன வயதில் சரவணம்பட்டியிலும் சோளக்காடுதான், இன்று அந்தத் திசையில் ஐ.டி. கம்பெனிக் கண்ணாடிகள்.

தற்காப்புக்கு? ஓர் அடுக்குமாடி வீட்டில் சிங்கத்துக்கான மருந்தை வைத்துக்கொண்டு யாரைக் காப்பது. குறிபார்க்கிற விளையாட்டுக்கு? அதுதான் நேர்மையான பதில். ஆனால் தோட்டா எங்கே. 1980-களின் நடுவிலிருந்து தனிநபர் துப்பாக்கி இறக்குமதி நின்றுவிட்டது. .405 தோட்டாவை உலகமே பல பத்தாண்டுகள் மறந்திருந்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மறுபடி செய்ய ஆரம்பித்தது. அது இங்கே கடை அலமாரிக்கு வருவது குதிரைக் கொம்பு.

இவ்வளவும் தெரிந்த பிறகும், போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கடைக்காரர் பெரியவர். மச்சானின் ரசீதை மூக்குக்கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் படித்தார், பதிவேட்டில் நம்பரைச் சரிபார்த்தார், உள்ளே போய்ப் பழைய வேட்டித் துணியில் சுற்றியதைக் கொண்டு வந்தார். கட்டையில் ஓரிடத்தில் மட்டும் வார்னிஷ் போய் மரம் கறுத்திருந்தது. அப்பாருவின் கன்னம் பட்ட இடம் என்று மச்சான் சொன்னார். அதே கட்டையின் பின்முனையில் யாரோ பித்தளைத் தகடு ஒன்றை நாட்டு ஆணி வைத்து அடித்திருந்தார்கள். ஆக, ஏற்கெனவே ஒரு கைவேலை நடந்திருக்கிறது! ஆசாரியின் வேலை சுத்தமாக இருந்தது. கணபதி நண்பர் பார்த்திருந்தால் ரப்பர் பேச்சை எடுத்திருக்க மாட்டார்.

"ஒருக்கா இழுத்துப் பாருங்க, காலிதான்" என்றார் பெரியவர். அவரே ஒருமுறை திறந்து உள்ளே விரலை விட்டுக் காட்டிய பிறகுதான் கையில் கொடுத்தார். வளையத்தைக் கீழே தள்ளினேன். உள்ளிருந்து ஒரு நீளமான இரும்பு நாக்கு நெற்றியை நோக்கி வந்து நின்றது. மேலே இழுத்ததும் திரும்பிப் போய்ப் பூட்டிக்கொண்டது. நல்ல நிலைக்கதவுக்கு எண்ணெய் விட்டுத் தாழ்ப்பாள் போட்டது மாதிரி சத்தம். ராத்திரிக் காட்டில் புலியின் காதுக்கு இது எத்தனை பெரிய சத்தமாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். போர்வைக்குள் படித்தபோது அது தோன்றவில்லை.

"தோட்டா இருக்குதுங்களா?"

"இதுக்கா?" பெரியவர் சிரிக்கவில்லை. "வேணும்னா இதைச் செயலிழக்கப் பண்ணி அலங்காரத்துக்கு வெச்சுக்கறதப் பத்தி 2016 ரூல்ல இருக்குதுங்க. அதுக்கும் அனுமதி வாங்கோணும், அதுக்குன்னு இருக்கறவங்கதான் பண்ணோணும். திரும்ப உசிரு வராது."

யோசித்துப் பார்த்தால், இந்தத் துப்பாக்கிக்குச் சட்டம் சுலபமாக அனுமதிக்கிற ஒரே மாற்றம் அதன் வாயை அடைப்பதுதான். அதை நான் செய்ய மாட்டேன். நான் வாங்க நினைத்தது ஆண்டர்சனை. அவர் என் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறார், லைசன்ஸ் வேண்டாம், தேர்தலுக்கு ஸ்டேஷனில் வைக்க வேண்டாம். எனக்கு வேண்டாமுங்க என்று படியிறங்கும்போது சொன்னேன்.

மச்சானுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்பறம் யாருக்குங் குடுக்கறது?"

"நீங்களே எடுங்க. அந்தக் கட்டைல இருக்கறது உங்க அப்பாரு கன்னம்."

டீக்கடையில் உட்கார்ந்து, வாரிசு லைசன்ஸுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று அவருடைய ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அப்பாவின் பழைய லைசன்ஸ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மை. கடைசி வரியைப் படித்துவிட்டு மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். மூத்த தங்கச்சியோடு பேச்சுவார்த்தை நின்று நாலு வருஷமாகிறதாம்.

(தொடரும்)