பெண் பிள்ளையின் முழங்காலைக் காப்பது இடுப்பு!

மைசூரு மாவட்டம் டி.நரசிப்புரா தாலுகாவில் குருபூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2025-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி டெல்லியில் முதலாவது உலகக் கோப்பை கோ-கோ இறுதி ஆட்டம் நடந்தது. இந்தியப் பெண்கள் நேபாளத்தை 78-40 என்ற புள்ளிக் கணக்கில் வென்றார்கள். அந்த ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை என்று பரிசு பெற்ற சைத்ரா, இந்தக் குருபூரைச் சேர்ந்தவர்.

கோ-கோ ஆடியவர்களுக்குத் தெரியும். குந்தி இருந்தவள் சட்டென்று எழுந்து பாய வேண்டும். கம்பத்தைப் பிடித்துச் சுழன்று திரும்ப வேண்டும். துரத்தப்படுகிறவளோ இந்தப் பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, அந்தப் பக்கம் வெட்டித் திரும்புவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பின் பாரம் முழுவதும் ஒற்றை முழங்காலில் வந்து இறங்குகிறது.

யாரும் மோதாமலே...

முழங்காலுக்கு உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ஜவ்வுகள் உண்டு. முன்பக்க ஜவ்வுதான் கெண்டைக்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், முறுக்கிக் கொள்ளாமலும் பிடித்து வைத்திருக்கிறது. ஓடி, குதித்து, திரும்புகிற ஆட்டங்களில் இந்த ஜவ்வு கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். பெரும்பாலும் எதிராளி மோதுவதால் நேர்வதல்ல. குதித்து இறங்கும்போதோ, திரும்பும்போதோ தானாகவே நேர்ந்துவிடும்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகருக்கு 2017-ல் இதற்காக அறுவை சிகிச்சை நடந்தது. மறுபடி அவர் தங்கம் வென்றது 2018 ஜூலையில், துருக்கியில். கிரிக்கெட் வீராங்கனை ஸ்மிருதி மந்தனாவும் 2017 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் இதே ஜவ்வில் அடிபட்டு, ஐந்து மாதம் கழித்தே களத்துக்கு வந்தார். அவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஆள் இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைக்காதா என்று மகளை மைதானத்துக்கு அனுப்பும் தொழிலாளிக்கு அந்த வசதி ஏது?

கோளாறு மேலே

அடிபடுவது முழங்கால்; ஆனால் கோளாறு பல சமயம் அதற்கு மேலே, இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் இருக்கிறது. பேருந்தில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கும்போது நம்மைச் சாயாமல் பிடிப்பது அதுதான். முளைக்கயிறு தளர்ந்தால் கூடாரக் கம்பு சாய்வதுபோல, அந்தத் தசை தளர்ந்தால் தொடை உள்பக்கம் திரும்பும், முழங்கால் மடங்கி உள்ளே விழும், ஜவ்வு இழுபடும். வயதுக்கு வரும் காலத்தில் பெண்ணுக்கு உயரமும் எடையும் கூடுகின்றன. ஆண் பிள்ளைகளுக்குக் கூடும் அளவு தசை வலு கூடுவதில்லை. போதாக்குறைக்கு, "பெண் பிள்ளைக்கு எதற்குத் தண்டால், எடை தூக்கல்?" என்று நாமே தடுத்துவிடுகிறோம்.

ஈரானில் 501 விளையாட்டு வீரர், வீராங்கனைகளின் இடுப்பு வலுவை ஆட்டப் பருவத்துக்கு முன்பே அளந்து வைத்தார்கள். பிறகு 15 பேருக்கு, யாரும் மோதாமலே, ஜவ்வு கிழிந்தது. அவர்களுடைய இடுப்பு வலு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. காலைப் பக்கவாட்டில் விரிக்கும் வலு, உடல் எடையில் சுமார் 35 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆபத்து என்று 2016-ல் வெளியிட்டார்கள். 50 கிலோ பெண்ணுக்கு இது ஏறக்குறைய 18 கிலோ.

எல்லா ஆய்வும் இப்படிச் சொல்லவில்லை. நார்வேயில் 800-க்கும் மேற்பட்ட வீராங்கனைகளைப் பார்த்ததில் கால் வலுவுக்கும் ஜவ்வுக் காயத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆகவே வலு மட்டும் போதாது, இறங்கும் பழக்கமும் சரியாக வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதே நார்வேயில் 13 முதல் 17 வயது வரையிலான 1,892 கால்பந்துச் சிறுமிகளில் ஒரு பகுதியினருக்கு, ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம் ஓட்டம், வலுப் பயிற்சி, குதித்து இறங்கும் பயிற்சி எல்லாம் தந்தார்கள். அவர்களுக்குக் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. 2008-ல் வெளியான கணக்கு இது.

வீட்டிலேயே பார்க்கலாம்

மகளைக் கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நிறுத்தி, பாதி குந்தி எழச் சொல்லுங்கள். முழங்கால் கட்டைவிரலைத் தாண்டி உள்ளே சாய்கிறதா? அப்படியானால் பயிற்சி வேண்டும். ஒருக்களித்துப் படுத்து மேல் காலை நேராகத் தூக்கி மெதுவாக இறக்குவது ஒன்று. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது இன்னொன்று. செலவு ஒரு பாய்தான். குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி, சத்தம் கேட்காமல் இறங்கப் பழக்குங்கள். சாமுண்டி மலைப் படியில் ஏற்றினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது மூச்சுக்கு நல்லது. வெட்டித் திரும்பும் பழக்கத்தை அது தராது.

ஆட்டத்தின் நடுவே முழங்காலில் 'டப்' என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், நடந்தால் கால் நழுவுவது போன்ற உணர்வு இருந்தால் அதைச் சுளுக்கு என்று எண்ணெய் தடவி நீவிவிட வேண்டாம். அன்றோ மறுநாளோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வலி போய்விட்டதே என்று அதே காலோடு மறுபடி ஆட விட்டால், பக்கத்திலுள்ள குருத்தெலும்பும் சேர்ந்து கெடும்.