போரின் துயர் பொறித்த மரப்பலகைகள்

காஞ்சி மாநகர்க்கும் போருக்கும் உள்ள தொடர்பு பழைமையானது. வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவ மன்னர்தம் வரலாறும் போர்க்காட்சிகளும் சிற்பங்களாக நிற்கின்றன. முதற் குலோத்துங்கன் கலிங்கத்தின்மேற் படை செலுத்த ஆணையிட்டது காஞ்சியில் வீற்றிருந்தபோதே எனச் செயங்கொண்டாரின் பரணி கூறும். அப்பரணியில் போர்க்களத்திற் கூழட்டுப் பசியாறுவன பேய்கள். மாண்ட வீரனின் மக்கள் எதனை உண்டனர் என மாணவர் வினவினால் நாம் யாது விடை கூறுவோம்? சங்கச் சான்றோர் கையறுநிலைப் பாடல்களில் இழந்தோர் துயரைப் பாடினர். இருபதாம் நூற்றாண்டில் அப்பணியை ஏற்ற கலைகளுள் ஒன்று மரச்செதுக்கு ஓவியம்.

பலகையில் வெண்மையாக அமைய வேண்டிய பகுதிகளை உளியால் அகழ்ந்து நீக்குவர். மேடாக எஞ்சிய பகுதியில் மை பூசித் தாளிட்டு அழுத்துவர். ஜக்கார்டு அட்டையில் துளையுள்ள இடமும் இல்லா இடமும் கூடியே பட்டில் உருவம் தருவதை நம் நகரத்தார் நன்கறிவர். இங்கும் அகழ்ந்ததும் எஞ்சியதும் கூடியே ஓவியமாகின்றன. ஒரு பலகையிலிருந்து பல படிகள் எடுக்கலாம், செலவும் குறைவு. ஆதலின் இஃது எளியோர் கலையாயிற்று.

சீனர் இக்கலையில் முன்னோடிகள். ஆண்டு குறிக்கப்பட்டுக் கிடைத்துள்ள மிகப் பழைய அச்சுநூல்களுள் தலையாய வச்சிர சூத்திரம் கி.பி. 868இல் அவர்கள் மரப்பலகையால் அச்சிட்டதே. 1931இல் எழுத்தாளர் லூ சுன் சாங்காய் நகரில் இளைஞர்க்கு மரச்செதுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1935இல் லீ ஹுவா, கண் கட்டப்பட்டுக் கயிற்றாற் பிணிக்கப்பட்ட மனிதன் கதறுவதைச் செதுக்கினார். 1937இல் சப்பானியப் படையெடுப்பு மூண்டபின் இவ்வோவியங்கள் அந்நாட்டு மக்களின் குரலாயின.

அப்போரின் வெம்மை நம் நாட்டையும் சுட்டது. 1942இல் பர்மா சப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பகைவர் கைக்குச் சென்றுவிடும் என அஞ்சிய ஆங்கில அரசு வங்கக் கடலோரப் படகுகளைப் பறித்தது. அவ்வாண்டு அக்டோபரில் புயலும் தாக்கியது. அரிசி விலை ஏறியது. 1943இன் பெரும்பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோயிலும் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டதாகக் கணிப்பர்.

மேதினிப்பூர் மாவட்டத்தில் நடந்து திரிந்து தாம் கண்டவற்றைச் சித்தபிரசாத் வரைந்தார். ‘பசித்த வங்கம்’ எனும் அந்நூலின் 5,000 படிகளை அரசு கைப்பற்றி எரித்தது. எஞ்சிய ஒரு படியைக் கொண்டு 2011இல் அது மீண்டும் அச்சேறியது. ஜைனுல் ஆபிதீன் மலிவான தாளிற் கருமையால் தீட்டிய பஞ்ச ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றன. சித்தபிரசாத்திடம் ஊக்கம் பெற்ற சோமநாத் ஹோர், சீன மரச்செதுக்கின் தாக்கத்தால் வங்க உழவர் வாழ்வை மரத்திற் செதுக்கினார்.

பஞ்ச நாளில் கல்கத்தாத் தெருக்களில் மக்கள் சோறு கேட்கவில்லை. சோறு வடித்த கஞ்சியையே இரந்தனர். பரணியிற் கூழ் உண்டவை பேய்கள்; இங்குக் கஞ்சிக்குக் கையேந்தியோர் மனிதர். பரணியைக் கற்பிக்கும் நாம் இவ்வோவியங்களையும் அருகில் வைத்துக் காட்டுதல் வேண்டும். அப்போதுதான் மாணவர் வினாவிற்கு நாம் நேர்மையாக விடை கூறியவராவோம்.