இடத்தால் வகைபெறும் ஆங்கிலச் சொற்கள்

'றவுண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தனியே எடுத்துக் காட்டி, இஃது எவ்வகைச் சொல் என மாணவனொருவனை வினாவினால், அவன் தயங்காது 'பெயரடை' என்பான். வட்டமான என்னும் பொருளையே அவன் முதலிற் கற்றான். அவ்விடையைச் சரியென்றுங் கூறவியலாது, பிழையென்றுங் கூறவியலாது. வினாவே குறையுடையது. வாக்கியத்தினின்றும் பிரித்தெடுத்த ஆங்கிலச் சொல்லுக்கு வகை கூறுதல் பலவிடத்தும் இயலாததொன்றாம்.

வட்ட மேசையைக் குறிக்குந் தொடரில் அச்சொல் பெயரடை. வைத்தியர் நோயாளரைப் பார்த்துவருஞ் சுற்றையும், குத்துச்சண்டையில் ஒரு சுற்றையும் குறிக்குமிடத்துப் பெயர். கப்பல் ஒரு முனையைச் சுற்றிச் சென்றதெனக் கூறுமிடத்து வினை. சில்லுச் சுழல்வதைச் சொல்லும் வாக்கியத்தில் வினையைத் தழுவி நிற்குமிடத்து வினையடை. 'உலகைச் சுற்றி' என்னுங் கருத்தில் உலகு என்னும் பெயருக்கு முன்னே நிற்குமிடத்து முன்னிடைச்சொல். தொழில் ஐந்து, வடிவம் ஒன்று.

அகராதியின் முதற்பொருளை மாத்திரம் மனனஞ் செய்யும் மாணவன் இடர்ப்படுவது இங்கேதான். 'புக்' என்றாற் புத்தகம் என்பதையே அறிந்தவன், புகைவண்டியில் இடம் பதிவுசெய்தலைக் கூறும் வாக்கியத்தில் அச்சொல்லைக் கண்டு, புத்தகத்துக்கு அங்கே என்ன வேலையெனத் திகைக்கின்றான். அவன் சொல்லை அறியாதவனல்லன். அது நின்ற இடத்தை நோக்கப் பழகாதவன்.

சொற்களை எட்டாகப் பகுக்கும் முறை ஆங்கிலத்திலே தோன்றியதன்று. அது கிரேக்க இலக்கண நூலார் வகுத்தது. கிரேக்கத்திலே பெயர்க்கு முன்வருஞ் சார்புச் சொல்வகையொன்று இலத்தீனில் இல்லை. ஆதலின் இலத்தீன் நூலார் அதனை நீக்கி, வியப்பிடைச்சொல்லைத் தனிவகையாக்கி, எட்டென்னுந் தொகையைக் காத்தனர். தொகையின்மீது அத்துணைப் பற்று! எனினும் இலத்தீனுக்கு அம்முறை பொருந்தும். 'அமோர்' என்பது காதலைக் குறிக்கும் பெயர். 'அமோ' என்பது காதலிக்கின்றேன் எனப் பொருள்படும் வினை. சொல்லின் ஈறே வகையைக் காட்டிவிடும்.

பழைய ஆங்கிலமும் இத்தகையதே. அன்பைக் குறித்த பெயர் 'லுவு'. அன்புசெய்தலைக் குறித்த வினை 'லுவியன்'. 1066ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுமுன்னரே தேயத் தொடங்கிய ஈறுகள், பின்வந்த சில நூற்றாண்டுகளிற் பெரும்பாலும் ஒழிந்தன. ஈறிழந்த இரண்டும் 'லவ்' என ஒரே வடிவாயின. இவ்வாறு பெயரும் வினையும் ஒருருவாய் நிற்கும் இணைகள் பெருகவே, பெயரை எடுத்து வினையாக வழங்குதல் எளிதாயிற்று. சேக்ஸ்பியர் 'இரண்டாம் றிச்சாட்' நாடகத்தில் 'அங்கிள்' என்னும் முறைப்பெயரையே வினையாக்கினார்.

ஒழிந்த ஈறுகளின் பணியை ஏற்றவை சொற்கிடக்கை முறையும் சில சிறு சொற்களுமாம். 'வோட்டர் பிளாண்ட்ஸ்' என்னும் இரு சொற்களை மாத்திரம் ஒருவர் எழுதியனுப்பினால், செடிகளுக்கு நீர் ஊற்றுக என்றார் எனவுங் கொள்ளலாம். நீர்த்தாவரங்கள் என்றார் எனவுங் கொள்ளலாம். 'த' என்னுஞ் சிறு சொல்லை நடுவே வைத்தால் முதற்பொருள் உறுதியாகும். தொடக்கத்தில் வைத்தால் இரண்டாம் பொருளே நிற்கும். அமெரிக்க மொழியியலார் சாள்ஸ் பிறீஸ், தொலைபேசி உரையாடல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்து 1952இல் வெளியிட்ட நூலில், எட்டென்னும் பழைய பகுப்பைக் கைவிட்டார். வாக்கியத்தில் வருமிடத்தையே அளவாகக் கொண்டு நான்கு பெருவகைகளையும், இத்தகைய சிறு சொற்களுக்குப் பதினைந்து தொகுதிகளையும் வகுத்தார்.

ஒருருவாயுள்ளன யாவும் ஒரு சொல்லென மயங்குதலுங் கூடாது. கிணற்றைக் குறிக்கும் 'வெல்' வேறு. நன்றாக என்னும் 'வெல்' வேறு. அவை பிறப்பிலேயே இருவேறு சொற்கள். 'டவுண்' என்பதன் வரலாறு இதனினுஞ் சுவையுடையது. பழைய ஆங்கிலத்தில் அது குன்றைக் குறித்தது. தென்னிங்கிலாந்தின் சவுத் டவுண்ஸ் குன்றுகளின் பெயரில் அப்பொருள் நின்று நிலவுகின்றது. 'குன்றிலிருந்து' எனப் பொருள்பட்ட தொடர் நாளடைவிற் குறுகிக் 'கீழே' என்னும் வினையடையாயிற்று. ஆனால், பறவையின் மென்றூவியைக் குறிக்கும் 'டவுண்' வடபுல மொழியிலிருந்து வந்த வேறொரு சொல்லாம்.

கன்மதிலைக் குறிக்கும் 'ஸ்ரோன் வோல்' என்னுந் தொடரில் முதற்சொல் பெயரடையாகிவிட்டதெனக் கூறும் பாடநூல்கள் உள. அது மிகைபடக் கூறலாம். மிகுதியை உணர்த்தும் 'வெறி' என்னுஞ் சொல்லை அதன் முன்னே சேர்த்தல் இயலாது. தமிழிற் 'கன்மதில்' என்புழியுங் கல் என்பது பெயரே.

தமிழ் மாணவனின் இடர்ப்பாட்டுக்கு அவன் தாய்மொழியும் ஒரு காரணமாம். 'வந்தான்' என்பது முற்று. 'வந்தானைக் கண்டேன்' என்புழி வினையாலணையும் பெயர். ஐகார உருபு ஈற்றில் நின்று அதனைக் காட்டுகின்றது. ஆதலின் சொல்லின் ஈற்றை நோக்கியே அவன் கண் பழகியுள்ளது. ஆங்கிலமோ சொல்லின் முன்னும் பின்னும் நோக்க வேண்டுகின்றது. ஆயினும் இடத்தால் தொழில் வேறுபடுதல் அவனுக்கு முற்றிலும் புதிதன்று. 'குதிரை ஓடும்' என்புழி 'ஓடும்' முற்று. 'ஓடும் குதிரை' என்புழிப் பெயரெச்சம். ஆங்கில ஆசிரியர் 'றவுண்ட்' என்னுஞ் சொல்லைக் கற்பிக்குமுன் கரும்பலகையில் எழுதத்தக்கவை இவ்விரு தொடர்களே.