பள்ளிக்கரணையில பறவை பேர் தெரிஞ்சா மட்டும் போதுமா?

(எபிசோடின் சுருக்கித் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

வேடந்தாங்கல் எபிசோடு கேட்டுட்டு, "சென்னைக்குள்ளயே பறவை பார்க்க எங்க போகலாம்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பள்ளிக்கரணைக்குப் போங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல நேரம். காலையில ஏழு மணிக்குள்ள போயிடுங்க, வெயில் ஏறிட்டா கண்ணு கூசும். அவ்வளவுதான், அதுக்கு மேல டிப்ஸ் வேண்டியதில்லை.

இன்னிக்கு நான் பேச வந்தது வேற. சில வருஷமா ஞாயித்துக்கிழமைகள்ல பள்ளிப் பிள்ளைங்களையும் அபார்ட்மெண்ட் குடும்பங்களையும் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுறேன். 2021-ல திறந்த சூழல் பூங்காவுல நடைபாதை இருக்கு. இது சென்னைக்குக் கிடைச்ச நல்ல விஷயம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா வர்றவங்கள்ல பாதிப் பேர் பத்துப் பறவையோட பேரை எழுதிக்கிட்டு, செல்ஃபி எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போறாங்க. தாங்க நிக்கிற இடம் ஏரியா, குளமா, காலி மனையான்னு அவங்களுக்குத் தெரியறதில்ல. என்னைப் பொறுத்தவரைக்கும் முதல்ல சொல்லிக் கொடுக்க வேண்டியது அதைத்தான்.

இந்த மாதிரி நிலத்துக்குத் தமிழ்ல 'கழுவெளி'ன்னு ஒரு பேரு உண்டு. மழைக்காலத்துல தண்ணி பரவி நிக்கும், கோடையில பல இடம் வறண்டு கோரையும் சேறுமாக் கிடக்கும். ஏரின்னா கரை இருக்கும், மதகு இருக்கும், யாரோ வெட்டியிருப்பாங்க. கழுவெளிக்கு அதெல்லாம் கிடையாது. தண்ணி வந்து அகலமாப் பரவி, மெதுவா நகர்ந்து போற தாழ்வான தட்டு அது. கோடையில வந்து பார்த்த அதிகாரிகளுக்கு அது தரிசாத் தெரிஞ்சிருக்கு. தரிசுன்னு ஒரு தடவை பதிவாயிட்டா அப்புறம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். குப்பைக் கிடங்கு வந்துச்சு, ரோடு வந்துச்சு, பறக்கும் ரயில் நிலையம் வந்துச்சு, ஆய்வு நிறுவனங்களோட வளாகம் வந்துச்சு. ஒரு காலத்துல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்ததாச் சொல்ற நிலத்துல, 2022-ல ராம்சார் பட்டியலுக்குப் போனது சுமார் 1,248 ஹெக்டேர்.

சரி, இதைப் பன்னெண்டு வயசுப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைக்கிறது? நான் பறவையோட காலைக் காட்டுவேன்.

நெடுங்கால் உள்ளானைப் பாருங்க. குச்சி மாதிரி சிவப்புக் கால். அது நடந்து போற இடத்துல தண்ணி ஒரு சாண் கூட இருக்காது. பக்கத்துல சின்ன உள்ளான்கள் சேத்து ஓரத்துலயே ஓடிக்கிட்டிருக்கும். அதுங்க காலுக்கு அதுதான் எல்லை. பூநாரை வந்திருந்தா இன்னும் கொஞ்சம் ஆழத்துல தலையைக் கவுத்து மேயும். முக்குளிப்பான் முங்குற இடத்துல நின்னு மேய உள்ளானால முடியாது. நீலத் தாழைக்கோழி கோரைக்குள்ள நீள விரலை விரிச்சு வச்சு நடக்கும். இப்படி ஒவ்வொரு பறவையையும் அளவுகோலா வச்சு, பிள்ளைங்களை ஆழம் குறிச்ச ஒரு படம் வரையச் சொல்வேன். அரை மணி நேரத்துல வரைஞ்சிடுவாங்க. எவ்வளவு இடம் ஆழமில்லாம இருக்குங்கிறது அவங்க பேப்பர்லயே தெரியும்.

அதுக்கப்புறம் ஒரு கேள்வி வரும். பெரும்பாலும் பெரியவங்க யாராவது கேப்பாங்க: இதையே நல்லாத் தூர்வாரி ஆழப்படுத்திட்டா வெள்ளம் வராதே? நியாயமான கேள்விதான். ஆழமா வெட்டினா அந்தக் குழி மழைக்கு முன்னாடியே நிறைஞ்சு கிடக்கும். நிறைஞ்ச பாத்திரத்துல ஊத்துற தண்ணி எங்க போகும்? இங்க வெள்ளத்தைத் தாங்குறதுல ஆழத்தை விட அகலத்துக்குத்தான் பங்கு அதிகம். அகலம் போயிடுச்சுன்னா ஆழம் அதை ஈடு கட்டாது. குப்பையையும் கழிவையும் அள்ளத்தான் வேணும், அது வேற பேச்சு. ஆனா எல்லாத்தையும் ஏரியா மாத்திட்டா உள்ளானுக்கு நிக்க இடமில்ல, மழைத்தண்ணிக்குப் பரவ இடமில்ல.

அடுத்தது தண்ணி வர்ற வழி. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்புல பெய்யுற மழை இங்க வந்து சேருது. செம்பாக்கம் ஏரி நிரம்பினா நன்மங்கலம், அங்க இருந்து கீழ்க்கட்டளை, அப்புறம் நாராயணபுரம், அங்க இருந்து பள்ளிக்கரணை. ஒண்ணு நிரம்பி இன்னொண்ணுக்கு விடுற சங்கிலி. வெளிய போறதுக்கு முக்கியமான வழின்னு பார்த்தா ஒக்கியம் மடுவுதான். அது வழியா பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், தெற்கே முட்டுக்காடு, கோவளம் பக்கமா கடல்ல சேரணும். கடல் ஏத்தத்துல இருந்தா அந்தத் தண்ணியும் சீக்கிரம் இறங்காது. 2015-லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தண்ணி நாள்கணக்குல நின்னதை இந்த வரைபடத்தோட சேர்த்துப் பார்த்தாத்தான் புரியும்.

நடைக்கு வர்றவங்ககிட்ட ஒரு வேலை கொடுப்பேன். வீட்டுல 2015-ல தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்துச்சுன்னு பெரியவங்ககிட்ட கேட்டு வரைபடத்துல குறிக்கணும். பத்துக் குடும்பம் குறிச்சதுமே தண்ணி வந்த பாதை கோடு போட்ட மாதிரி தெரிய ஆரம்பிக்கும். பறவை பார்க்க வந்தவங்க அந்தப் பேப்பரை விட்டு நகரவே மாட்டாங்க.

இப்ப சங்கடமான பகுதிக்கு வர்றேன். 2025 செப்டம்பர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு, ஆய்வு முடியுற வரைக்கும் ராம்சார் பகுதிக்குள்ளயும் அதோட எல்லையில இருந்து 1 கி.மீ. வரைக்கும் புதுக் கட்டுமானத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாதுன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறம் என்கிட்ட வர்ற கேள்விகளே மாறிடுச்சு. கடன் வாங்கி மனை வாங்கினவங்க வர்றாங்க. எங்க வீட்டுக்கு என்ன ஆகும்னு கேக்குறாங்க. அவங்ககிட்டப் போய் பூநாரை எவ்வளவு அழகுன்னு பேசினா, அது பதிலே இல்ல.

இயற்கைக் கல்விங்கிற பேர்ல அவங்களைக் குற்றவாளி மாதிரி நிக்க வைக்கிறதும் எனக்குப் பிடிக்காது. அனுமதி கொடுத்தது யாரு, முதல்ல குப்பை கொட்டினது யாருன்னு பார்த்தா விரல் வேற பக்கம்தான் நீளும். அதே நேரம், புது ஃப்ளாட் வாங்கப் போற ஒருத்தர் அந்தச் சர்வே எண் பழைய வரைபடத்துல என்னவா இருந்துச்சுன்னு பார்க்கக் கத்துக்கிட்டா, அவர் தப்பிச்சாரு. பார்வையாளர் மையம் எதுலயாவது எனக்கு ஒரு சுவர் கிடைச்சா, பறவைப் படத்துக்குப் பக்கத்துலயே பழைய வரைபடத்தையும் இப்போதைய செயற்கைக்கோள் படத்தையும் ஒரே அளவுல மாட்டுவேன். பெருங்குடிக் குப்பைக் கிடங்கையும் அதுல மறைக்க மாட்டேன். 2022 ஏப்ரல்ல அது எரிஞ்சப்போ புகையைச் சுவாசிச்ச பிள்ளைங்கதானே அந்தச் சுவரைப் பார்க்க வரப்போறாங்க.

பொங்கல் சமயத்துல நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். உங்க பக்கத்து ஏரியில 15 நிமிஷம் நின்னு, பார்த்ததை இ-பேர்டு செயலியில பதிவு பண்ணினாப் போதும், நிபுணரா இருக்க வேண்டியதில்ல. அப்படியே உங்க ஏரியோட கலங்கல் எங்க இருக்குன்னும் தேடிப் பாருங்க, அதாவது ஏரி நிரம்பினா தண்ணி வழியுற இடம். செம்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஆளுங்க இருந்தா அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. வர்ற படங்களை வச்சு அடுத்த எபிசோடுல பேசலாம்.