வெட்டிய கணையம் கசியாதிருக்க

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் சம்பளம் பேர்க்கணக்கில்தான். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் நாளுக்குப் பேர் விழாது. ஆகவே, சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒருவர் எத்தனை நாள் வார்ட்டில் இருக்கிறார் என்பது இங்கே குடும்பத்தின் சோற்றுக் கணக்கு. கணையத்தில் கத்தி பட்டால் அந்த நாட்களை முன்கூட்டிச் சொல்வது கடினம். காரணம், கசிவு.

பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் சதையி என்று படித்த அதே கணையம்தான். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை லீட்டர் சமிபாட்டுச் சாறு சுரக்கிறது. அதிலுள்ள புரதம் உடைக்கும் நொதியங்கள் முன்சிறுகுடலுக்கு வந்த பிறகே வேலை தொடங்கும். கணையம் தன்னைத் தானே தின்னாமல் இருப்பது அதனால்தான். புற்றுநோய்க் கட்டிக்காக வாலை வெட்டி எடுத்தாலோ, விப்பிள் சத்திரசிகிச்சையில் தலைப்பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு தைத்தாலோ, அந்தச் சாறு வயிற்றுக்குள் ஒழுக வழி பிறக்கிறது. குடற்சாறும் சேர்ந்தால் நொதியங்கள் அங்கேயே வேலையைத் தொடங்கும். சீழ் பிடிக்கும், பக்கத்து நாடி அரிபட்டு இரத்தம் பீறிடவும் கூடும்.

இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிது. வயிற்றில் வைத்த வடிகுழாயின் பையைத் தாதி காலையில் தூக்கிப் பார்ப்பார். உள்ளே இருப்பது பழுப்பாக இருக்கலாம், பச்சையாக இருக்கலாம், கலங்கிய பால்நீராக இருக்கலாம், ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிந்தும் இருக்கலாம். நிறத்தை நம்ப முடியாது. மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ அந்தத் திரவத்தில் அமிலேஸ் என்ற நொதியத்தின் அளவு, இரத்தத்துக்குரிய இயல்பான உச்ச அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கசிவைச் சந்தேகிப்பார்கள். நோயாளியின் சிகிச்சையையே மாற்ற வேண்டிவந்தால்தான் அதை உண்மையான கசிவு என்று 2016இல் சர்வதேச நிபுணர் குழு வரையறுத்தது.

யாருக்குக் கசியும் என்பதில் ஒரு முரண் உண்டு. நாட்பட்ட அழற்சியால் இறுகிப்போன கணையம் தையலைத் தாங்கும். மென்மையான, கிட்டத்தட்ட ஆரோக்கியமான கணையத்தில்தான் நூல் வெண்ணெயை அறுப்பது போல இறங்கிவிடும். அதன் குழாயும் மெலிந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

உடலே கரைத்துக்கொள்ளும் சாதனங்கள் உதவுமா என்ற தேடல் இங்கேதான் தொடங்குகிறது. பொலிகிளைகோலிக் அமிலத்தால் செய்த இழைகளும் வலைகளும் உடலின் நீரிலேயே மெல்லச் சிதைந்துவிடும். எடுப்பதற்கு இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டாம். ஆனால் வெட்டிய இடம் மூடும்வரை அவை பிடித்து நிற்கவேண்டும், அதுவும் எதையும் அரிக்கும் அந்தச் சாற்றில் நனைந்தபடி. சீக்கிரம் கரைந்தால் பயனில்லை. நெடுநாள் கிடந்தால் கிருமிக்கு இடமாகும்.

சோதனைகள் ஒரே குரலில் பேசவில்லை. வெட்டிய முனையைக் கையால் தைப்பதா, ஸ்டேப்ளர் இயந்திரத்தால் மூடுவதா என்று ஐரோப்பாவில் 352 பேரிடம் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. 2012இல் அமெரிக்க ஆய்வொன்றில் ஸ்டேப்ளர் கோட்டில் வலைப்பட்டி வைத்த 53 பேரில் ஒருவருக்கே கசிந்தது. வைக்காத 45 பேரில் 11 பேருக்கு. இதோ தீர்வு என்று பலரும் நம்பினார்கள். 2019இல் வெளியான ஜப்பானிய ஆய்வு, வலுவூட்டிய ஸ்டேப்ளரில் அவ்வளவு தெளிவான பலனைக் காணவில்லை. 2017இல் தென்கொரியர்கள் வெட்டிய முனையைக் கரையும் வலையால் சுற்றுவதை 97 பேரிடம் சோதித்தார்கள், வலை சுற்றாதவர்களில் கசிவு 28.3 வீதம், சுற்றியவர்களில் 11.4 வீதம். சிறிய எண்ணிக்கைகள் இவை. நான்கைந்து பேர் மாறினாலே முடிவின் நிறம் மாறிவிடும். கணையத்தின் தடிப்பும் வெட்டிய இடமும் நாட்டுக்கு நாடு, சத்திரசிகிச்சை நிபுணருக்கு நிபுணர் வேறுபடுவதையும் மறக்கக்கூடாது.

எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. ஆய்வுகள் முதலில் எண்ணுவது கசிவை. வடிகுழாய் எந்த நாளில் கழன்றது, நோயாளி எந்த நாளில் வேலைக்குத் திரும்பினார் என்பவையும் அதே தட்டில் வரவேண்டும். குழாயோடு வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. தண்ணீரைக் குடத்தில் சுமந்துவரும் லயத்து அறையில், பையைச் சுத்தமாக வைத்திருக்க யாரால் முடியும்? இத்தகைய சத்திரசிகிச்சைக்குச் சப்ரகமுவவிலிருந்து பெரும்பாலும் கொழும்புக்கோ ராகமவுக்கோதான் போகவேண்டியிருக்கிறது. கசிவு வந்தால் அந்தப் பஸ் பயணம் மறுபடி மறுபடி வரும். அங்கே அடுத்த வலைப்பட்டியைச் சோதிப்பவர்கள், தெரணியகலையிலிருந்தோ பலாங்கொடையிலிருந்தோ வரும் நோயாளியையும் ஆய்வில் சேர்த்து, அவர் இழந்த பேர்களையும் எண்ணட்டும்.