தூதுவரும் பணிப்பெண்ணும்

தூதனைக் கொல்லலாகாதென வீடணன் இலங்கை வேந்தனின் அவையிலேயே உரைத்ததை நாம் இராமகாதையிற் படித்திருக்கிறோம். அந்நெறி 1961இல் வியன்னா உடன்படிக்கையாகச் சட்டவடிவம் பெற்றது. பதவியிலிருக்கும் இராஜதந்திரியைக் கைதுசெய்தலாகாது. பதவி நீங்கிய பின்னரோ, உத்தியோகச் செயல்களுக்கு மட்டுமே அக்காப்பு நிலைக்கும்.

வீட்டில் ஆளமர்த்திச் சமைப்பித்தல் உத்தியோகச் செயலாகுமா? வந்தாறுமூலையிலிருந்து கடல்கடந்து பணிப்பெண்களாய்ச் செல்வோரின் குடும்பங்களுக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று.

கன்பராவில் இலங்கையின் பிரதி உயர் ஸ்தானிகராயிருந்த ஹிமாலி அருணதிலக்கவின் இல்லத்தில், 2015 முதல் 2018 வரை நம் நாட்டுப் பெண்ணொருவர் பணிபுரிந்தார். மூன்றாண்டில் இரண்டே நாள் ஓய்வு. அதுவும் கையில் எண்ணெய் சுட்டமையால்! இராஜதந்திரக் காப்பு வழக்கைத் தடுக்கவில்லை. சம்பளப் பாக்கியும் வட்டியுமாக ஏறத்தாழ 543,000 டொலர் செலுத்துமாறு 2024 ஆகஸ்டில் அவுஸ்திரேலியச் சமஷ்டி நீதிமன்றம் கட்டளையிட்டது.