வீட்டிற்குள் விறகு: குப்பையும் பூச்சியும் சேராமல் வைத்துக்கொள்ளும் முறை

சமையல் எரிவாயு வந்துவிட்ட பின்னரும், திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் பல வீடுகள் விறகை விட்டுவிடவில்லை. வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும், விசேஷ காலங்களில் பெரிய பாத்திரங்களை ஏற்றவும் அது வேண்டியிருக்கிறது. ஆனால் வண்டியிலிருந்து இறக்கிய கட்டை அப்படியே தாழ்வாரத்தின் வழியாய் இழுத்துவந்து அடுக்களை மூலையில் சாத்திவிடுவதே வழக்கமாயிருக்கிறது. பட்டையும் சிராயும் மண்ணும் வழிநெடுகச் சிந்துகின்றன. அவற்றைப் பெருக்கி அள்ளுவது வீட்டுப் பெண்டிரின் பொறுப்பாகிறது. ஆடவர் அதனை ஒரு வேலையாக எண்ணுவதேயில்லை.

குப்பை மட்டுமாயின் துடைப்பத்தோடு போய்விடும். பட்டையின் இடுக்கில் ஒளிந்து வரும் ஜந்துக்கள் அப்படியல்ல. பெரிய கருந்தேளைக் கண்டு அஞ்சுகிறோம். உண்மையில் அதனினும் அபாயமானது சிறிய செந்தேளே. கட்டுவிரியன் பகலில் விறகுக் குவியலில் பதுங்கியிருந்து இரவில் நடமாடும். வறண்ட நிலத்துச் சுருட்டை விரியனும் அங்ஙனமே பதுங்கும். விடியுமுன் இருட்டில் விறகெடுக்கக் கை நீட்டுகிறவருக்கே ஆபத்து அதிகம்.

இவ்விரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றே. வாசலுக்கு வெளியே முடிக்கவேண்டிய வேலையை முடிக்காமல் விறகை உள்ளே கொண்டுவருகிறோம். பிளத்தல், உலர்த்தல், பட்டை உதிர்த்தல் ஆகிய மூன்றும் கொல்லையிலேயே நடைபெற வேண்டும்.

உலர்த்துவதில் பணமும் அடங்கியிருக்கிறது. பச்சை விறகின் எடையில், மரத்தின் ஜாதியைப் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நீரே. 100 கிலோவில் 40 கிலோ நீருள்ள விறகு நன்கு காய்ந்தபின் எழுபது கிலோவுக்குச் சற்று மேல்தான் நிற்கும். பச்சை விறகை எடைக்கு வாங்குகிறவர் நீரைக் காசு கொடுத்து வாங்குகிறார். பின்னர் அந்த நீரை ஆவியாக்குவதற்கே அடுப்பின் உஷ்ணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, புகையில் கண்ணையும் கெடுத்துக்கொள்கிறார். அங்கத்தினர் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி பாரமாக வாங்கும்போது, காய்ந்த விறகு இன்ன விலை, பச்சை இன்ன விலை என்று முன்னரே பேசிக்கொள்வது நலம். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். பச்சை மந்தமாய் ஒலிக்கும். காய்ந்ததன் வெட்டுமுனையில் வெடிப்புகளும் தெரியும்.

மாசி, பங்குனிக்குள் வாங்கி மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து வைத்தால், சித்திரை வெயிலும் ஆடிக்காற்றும் செலவின்றி உலர்த்திக் கொடுக்கும். சீமைக் கருவேலாயின் முட்களை அரிவாளால் அங்கேயே கழித்துவிட வேண்டும். 1870களில் சென்னை மாகாண வன அதிகாரிகள் விறகுத் தேவையை முன்னிட்டுத் தருவித்த மரம் இது. எரிவதில் குறையில்லை, முள்தான் குழந்தைகளின் காலைத் தேடி வருகிறது.

அடுக்கும் இடம் தரையாக இருத்தலாகாது. செங்கற்களின் மேல் இரண்டு கற்பலகைகளைப் போட்டு, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி அடுக்கவேண்டும். அடியில் வெளிச்சம் தெரிந்தால் கறையான் மண்கூடு கட்டுவதை உடனே காணலாம். பாம்பும் பதுங்க விரும்பாது. மேலே மட்டும் ஓலையோ தகரமோ போட்டாற் போதும். நாற்புறமும் மூடிக் கட்டினால் விறகு உலராது, பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்தபின் பட்டை தானே கழன்று நிற்கும். தடியால் தட்டி உதிர்த்துவிடலாம். வெண்மாவு கொட்டும் துண்டுகள் வண்டு துளைத்தவை. அவற்றை வீட்டிற்குள் கொண்டுவராமல் வெளியடுப்பில் முதலில் எரித்துவிட வேண்டும். இல்லையேல் வண்டு கதவு, உத்தரங்களுக்கும் பரவக்கூடும்.

புரட்டாசி முடிவதற்குள், ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு வேண்டிய அளவை மட்டும் கூரையுள்ள தாழ்வாரத்திற்கு மாற்றிக்கொள்ளலாம். அடுக்களைக்குள் செல்லவேண்டியது ஒரு நாள் விறகே. அதனைப் பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு துண்டாய்த் தரையில் தட்டி எடுத்து, ஒரு கோணியில் சுருட்டிக் கொண்டுவந்தால் வழியில் ஒரு துரும்பும் சிந்தாது. அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகேற்றும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. நன்றாய் உலரும் என்பது மெய்தான். ஆனால் ஓலைக் கூரையின் கீழ் அதனைச் செய்வது வீட்டையே பணயம் வைப்பதாகும். அடுப்பிலிருந்து மூன்றடியாவது விலகி, கால் வைத்த மரப்பெட்டி ஒன்றில் விறகை இடுவதே தக்கது.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பின்னும் பாம்பு தீண்டிவிட்டால், இறுகக் கட்டுவதும் கீறிவிடுவதும் கூடாது. கடியுண்ட அங்கத்தை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தேள் கொட்டிய குழந்தைக்கு வியர்வை பெருகி, வாந்தி கண்டு, கைகால் சில்லிட்டால் மந்திரிப்பில் பொழுதைப் போக்கலாகாது. 1980களில் மஹாராஷ்டிரத்து மஹாட் நகரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்தக் கொதிப்புக்குரிய பிரசோசின் மாத்திரை செந்தேள் விஷத்தின் கேட்டைத் தணிக்குமெனக் காட்டினார். அதன்பின் இத்தகைய மரணங்கள் வெகுவாய்க் குறைந்தன.

விறகுப் பெட்டியை வாரம் ஒருமுறை வெளியே எடுத்துக் கவிழ்த்து வெயிலில் வைக்கவேண்டும். அடியில் தங்கிய சிராய்களைக் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. ஒரு பழைய தகரத்தில் சேர்த்துவைத்தால் மழைநாளில் அடுப்பு மூட்ட உதவும்.